மனிதர்கள் எப்படிப் பொய் சொல்கிறார்கள்? மூளை ஸ்கேன் வைத்து ஆராய ஒரு முழுமையான வழிகாட்டி

உளவியலோ நரம்பியலோ படிக்கும் மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடும்போது, பொய்யும் மூளையும் என்பது கட்டாயம் பட்டியலில் வரும். நல்ல தலைப்புதான். ஆனால் பலரும் முதலில் விசாரிப்பது ஸ்கேனரைப் பற்றி: எத்தனை டெஸ்லா (காந்தப்புலத்தின் வலிமை), மணிக்கு எவ்வளவு கட்டணம், எந்த மென்பொருள் என்று. இந்த ஆய்வின் கஷ்டம் அங்கே இல்லை. ஒருவர் யாரும் சொல்லாமல், தன் லாபத்துக்காக, தானாகவே பொய் சொல்ல வேண்டும். அதுவும் அசையக்கூடாத ஒரு குழாய்க்குள் படுத்துக்கொண்டு. அவர் எந்த நொடியில் சொன்னார் என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். இதெல்லாம் ஒரே சோதனையில் அமைவது அபூர்வம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் சோதனை வடிவமைப்பைப் பற்றியே இருக்கும்.

படி 1: கேள்வியை முடிவு செய்யுங்கள்

"இந்த ஆள் இப்போது பொய் சொல்கிறாரா?" என்பது ஒரு கேள்வி. "பொய் சொல்லும்போது மனம் என்னென்ன வேலை பார்க்கிறது?" என்பது வேறு கேள்வி. முதலாவது தனி ஒருவரைப் பற்றித் தீர்ப்பு சொல்லக் கேட்கிறது. இரண்டாவதற்குப் பலரின் சராசரி போதும். இந்த வழிகாட்டி இரண்டாவதற்கானது. முதலாவதன் நிலைமையைக் கடைசியில் சொல்கிறேன்; அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் துறைக்குள் வரவே கூடாது.

இரண்டாவது கேள்வியும் இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது, சுருக்குங்கள். நேர்மையாக இருப்பதற்கு முயற்சி தேவையா, இல்லை சிலருக்கு அது தானாக வருமா? திரும்பத் திரும்பச் சொன்னால் பொய் சுலபமாகிறதா? முன்பே ஒத்திகை பார்த்த பொய்யும் அந்த நேரத்தில் தோன்றும் பொய்யும் மூளையில் ஒன்றுதானா? இவை ஒவ்வொன்றும் தனி ஆய்வு. உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடியும் வரை ஸ்கேனர் நேரம் கேட்டு விண்ணப்பிக்காதீர்கள்.

படி 2: கருவி எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஆய்வுகளில் பயன்படும் மூளை ஸ்கேன் எஃப்எம்ஆர்ஐ. அது எண்ணங்களை அளப்பதில்லை, நரம்பணுக்களின் மின்துடிப்பையும் நேராக அளப்பதில்லை. ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். இதை வைத்து மூளையைப் படம் எடுக்கலாம் என்று 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டினார். ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. அந்த மாற்றம்தான் நம் சிக்னல்.

ரத்தம் மெதுவானது. சிக்னல் உச்சத்தைத் தொட 5 அல்லது 6 நொடி ஆகும், பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் பத்து நொடிக்கு மேல். பொய் சொல்லி பட்டனை அழுத்த ஒரு நொடி போதும். இடத்திலும் இப்படித்தான்: படத்தின் மிகச் சிறிய அலகான வாக்செல் வழக்கமாக 2 முதல் 3 மில்லிமீட்டர் கனசதுரம், அதற்குள் பல லட்சம் நரம்பணுக்கள். தனியாக ஒரு எண்ணை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லாமே ஒப்பீடு: பொய் சொன்ன நேரத்துக்கும் வேறொரு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்த "வேறொரு நேரம்" எது என்பதில்தான் ஆய்வின் தரம் அடங்கியிருக்கிறது.

படி 3: பொய்யை உருவாக்குங்கள்

ஆரம்ப கால ஆய்வுகள் பொய்யை உத்தரவு போட்டு வாங்கின. 2001-இல் ஷெஃபீல்டில் ஷான் ஸ்பென்ஸ் குழு, அன்று என்னென்ன செய்தீர்கள் என்ற கேள்விகளுக்குத் திரையில் ஒரு நிறம் வந்தால் உண்மையும் இன்னொரு நிறம் வந்தால் பொய்யும் சொல்லச் சொன்னது. 2002-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் லாங்லெபன் குழு, ஒரு உறைக்குள் சீட்டுக்கட்டின் கிளாவர் 5-ஐ வைத்துக் கொடுத்து, அந்தச் சீட்டு தன்னிடம் இருப்பதை மறைத்தால் 20 டாலர் என்றது. 2005-இல் ஃபிராங்க் கோசல் குழு, பங்கேற்பாளர்களை ஒரு அறைக்கு அனுப்பி மோதிரத்தையோ கைக்கடிகாரத்தையோ எடுத்து ஒளித்துவைக்கச் சொன்னது. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் பெரிய அடி எடுத்து வைத்த ஆய்வுதான்.

ஆனாலும் ஒரு அடிப்படைக் குறை இருக்கிறது. பொய் சொல்லச் சொன்னதே ஆய்வாளர். அவர் ஏமாறவில்லை, யாரும் நஷ்டப்படவில்லை, சொன்னவருக்குக் குற்ற உணர்வுக்கும் காரணமில்லை. அங்கே மூளை செய்வது, விதிப்படி உண்மைக்கு எதிரான பட்டனை அழுத்துவது. பொய்யில் அந்த வேலையும் இருக்கிறது என்பது சரி. ஆனால் சொல்லலாமா வேண்டாமா என்று மனம் ஊசலாடுவதும், லாபத்தை எடைபோடுவதும், மாட்டிக்கொள்வோமா என்ற பயமும் அதில் இல்லை. பொய்யைப் பொய்யாக்குவதே இவைதான் என்று நான் நினைக்கிறேன். உத்தரவுப் பொய்யை வைத்து இன்னொரு ஆய்வு செய்ய வேண்டாம் என்பதே என் அழுத்தமான ஆலோசனை.

இதிலிருந்து வெளியே வர ஜோஷுவா கிரீனும் ஜோசப் பாக்ஸ்டனும் 2009-இல் ஒரு வழி கண்டார்கள். அதை நிதானமாகப் பார்ப்போம், பார்த்துக் கற்றுக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது. எதிர்காலத்தைக் கணிக்கும் திறமை சிலருக்கு இருக்கிறதா, பணம் கொடுத்தாலோ கணிப்பை ரகசியமாக வைத்துக்கொள்ள விட்டாலோ அது கூடுகிறதா என்று ஆராய்கிறோம் என்று பங்கேற்பாளர்களிடம் சொன்னார்கள். கணினியில் நாணயம் சுண்டப்படும், பூவா தலையா என்று கணிக்க வேண்டும். சில சுற்றுகளில் கணிப்பை முன்னதாகவே பட்டன் அழுத்திப் பதிவு செய்ய வேண்டும். இங்கே ஏமாற்ற வழியே இல்லை. மற்ற சுற்றுகளில் கணிப்பு மனதுக்குள் மட்டும். முடிவு திரையில் வந்த பிறகு, "நான் சரியாகக் கணித்தேனா?" என்று அவரே சொல்வார். சரி என்றால் பணம், தவறு என்றால் நஷ்டம்.

யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை. வாய்ப்பு மட்டும் அங்கே இருக்கிறது. நாணயத்தை யாராலும் பாதிக்குப் பாதிக்கு மேல் சரியாகக் கணிக்க முடியாது. அதனால் ஒருவர் சுற்றுக்குச் சுற்று "சரியாகக் கணித்தேன்" என்றே சொன்னால் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். 35 பேரில் 14 பேர் தெளிவாக ஏமாற்றினார்கள், 14 பேர் நேர்மையாக நடந்தார்கள், மீதிப் பேர் இடையில் இருந்தார்கள்.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒப்பீடு. ஏமாற்ற வாய்ப்பிருந்தும் "தோற்றேன்" என்று ஒப்புக்கொண்ட சுற்றை, ஏமாற்ற வாய்ப்பே இல்லாமல் தோற்ற சுற்றோடு வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் நஷ்டம் ஒன்றே, பட்டனும் ஒன்றே. வித்தியாசம் ஆசையை மறுத்தது மட்டும். நேர்மையாளர்களிடம் இந்த ஒப்பீட்டில், தன்னைக் கட்டுப்படுத்தும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளில் (கட்டுப்பாட்டுப் பகுதிகளில்) கூடுதல் வேலை தெரியவில்லை. ஏமாற்றியவர்களிடம்தான், பொய் சொன்னபோதும் சொல்லாமல் விட்டபோதும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணி கூடுதலாக வேலை செய்தது.

குறை இல்லாமல் இல்லை. ஒரு ஆள் ஏமாற்றுகிறார் என்று தெரிகிறது. எந்தச் சுற்றில் என்று தெரியாது. 2020-இல் ராட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் ஸ்பீர் குழு அதைச் சரிசெய்தது. வார இதழ்களில் வரும் "வித்தியாசம் கண்டுபிடியுங்கள்" புதிர்தான் அவர்கள் கருவி. ஒவ்வொரு ஜோடிப் படத்திலும் மூன்று வித்தியாசம் உண்டு, மூன்றையும் கண்டுபிடித்தால் பணம், கண்டுபிடித்தேன் என்று சொன்னாலே போதும், காட்ட வேண்டாம். உண்மையில் பல ஜோடிகளில் மூன்றுக்கும் குறைவாகத்தான் இருந்தன. அங்கே "மூன்றையும் பார்த்தேன்" என்பவர் பொய் சொல்கிறார் என்பது அந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும். பொதுவாக நேர்மையானவர்கள் ஏமாற்றும்போதும், வழக்கமாக ஏமாற்றுபவர்கள் நேர்மையாக இருக்கும்போதும் கட்டுப்பாட்டுப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. தன் வழக்கத்தை மீறத்தான் யாருக்குமே முயற்சி தேவைப்படுகிறது என்று இதைப் படிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த வகையிலிருந்தே தொடங்குங்கள்.

உங்கள் கேள்வி பழக்கத்தைப் பற்றியது என்றால் 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நீல் காரெட், டாலி ஷாரோட் குழு செய்ததைப் பாருங்கள். ஜாடியில் எவ்வளவு சில்லறை இருக்கிறது என்று ஒருவர் இன்னொருவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். கூட்டிச் சொன்னால் சிலபோது தனக்கு லாபம், சிலபோது மற்றவருக்கு. தன் லாபத்துக்குச் சொன்ன பொய் போகப்போகப் பெரிதானது, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவின் எதிர்வினை குறைந்துகொண்டே போனது.

படி 4: பொய் அல்லாததை வடிகட்டுங்கள்

பொய்ச் சுற்றுக்கும் உண்மைச் சுற்றுக்கும் நடுவே பொய்யைத் தவிர வேறு வித்தியாசங்களும் ஒளிந்திருக்கும். ஆய்வுகள் பலவும் இங்கேதான் கவிழ்கின்றன.

ஒன்று நேரம். பொய் சொல்ல வழக்கமாகக் கொஞ்சம் அதிக நேரம் ஆகிறது. ஒரு பதிலில் மனம் கூடுதல் நேரம் செலவிட்டாலே ஆன்டீரியர் சிங்குலேட், இன்சுலா போன்ற பகுதிகளில் சிக்னல் ஏறும், விஷயம் கணக்குப் போடுவதாக இருந்தாலும் கூட. அதனால் பதில் நேரத்தைப் பதிவு செய்து, பகுப்பாய்வில் தனி மாறியாகச் சேருங்கள். சேர்த்தும் சேர்க்காமலும் வந்த இரண்டு முடிவுகளையும் எழுதுங்கள்.

அடுத்தது கவனத்தை இழுக்கும் தன்மை. தன் கையில் இருக்கும் சீட்டு திரையில் வந்தால் பொய் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் மூளை துள்ளும். லாங்லெபன் குழுவே 2005-இல் இதற்காக வடிவமைப்பை மாற்றி, இரண்டு சீட்டு கொடுத்து ஒன்றை மறைக்கவும் மற்றதை ஒப்புக்கொள்ளவும் சொன்னது. அப்போது இரண்டுமே சொந்தச் சீட்டு, வித்தியாசம் பொய்யில் மட்டும்.

அப்புறம் பணமும் எண்ணிக்கையும். பொய்ச் சுற்றில் 50 ரூபாய் கிடைத்து உண்மைச் சுற்றில் ஒன்றும் கிடைக்காவிட்டால், நீங்கள் பார்ப்பது பரிசின் மகிழ்ச்சியாக இருக்கலாம். நேர்மையாக ஜெயிக்கும் சுற்றுகளும் நேர்மையாகத் தோற்கும் சுற்றுகளும் போதுமான அளவு இருக்க வேண்டும்.

படி 5: நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள்

உண்மையான நோக்கத்தை மறைத்துத்தான் இந்த ஆய்வைச் செய்ய முடியும். அதனாலேயே குழு கூடுதலாகக் கேள்வி கேட்கும், கேட்பதும் நியாயம். ஏன் மறைக்க வேண்டியிருக்கிறது, வேறு வழி ஏன் இல்லை, எப்போது உண்மையைச் சொல்வீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். சோதனை முடிந்ததும் நோக்கத்தை விளக்கி, தன் தரவைத் திரும்பப் பெறும் உரிமையைக் கொடுங்கள். அந்த விளக்கத்தில் "நீங்கள் இத்தனை முறை ஏமாற்றினீர்கள்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். சொன்ன பணத்தை முழுமையாகக் கொடுத்துவிடுங்கள், பொய் சொல்லிச் சேர்த்ததையும் சேர்த்து. ஒருவர் நம் அறைக்கு வந்து உதவி செய்துவிட்டு அவமானத்தோடு திரும்பிப் போகக் கூடாது.

ஸ்கேனில் எதிர்பாராமல் கட்டியோ வேறு கோளாறோ தெரிந்தால் யார் பார்ப்பார்கள், எப்படித் தெரிவிப்பீர்கள் என்பதையும் முன்பே ஒரு கதிரியக்க மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

படி 6: ஸ்கேனருக்கு வெளியே முதலில் செய்து பாருங்கள்

சைக்கோபை போன்ற இலவச மென்பொருளில் சோதனையை எழுதி, சாதாரண கணினியில் சிலரை வைத்து நடத்துங்கள். இங்கே பார்க்க வேண்டியது, மக்கள் எவ்வளவு பொய் சொல்கிறார்கள் என்பதுதான். ஒரு பொய்யும் சொல்லாதவரிடம் ஒப்பிடப் பொய்ச் சுற்றே இல்லை. எல்லாச் சுற்றிலும் பொய் சொல்பவரிடம் ஒப்பிட உண்மைச் சுற்று இல்லை. இரண்டும் கலந்தவர்கள் போதுமான பேர் கிடைக்கும் வரை பரிசுத் தொகையையும் புதிரின் கடினத்தையும் மாற்றிப் பாருங்கள். முடிந்ததும், "இது எதைப் பற்றிய ஆய்வு என்று நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். பலரும் சரியாக ஊகித்தால் கதையை மாற்றத்தான் வேண்டும்.

எத்தனை பேர் தேவை என்ற கணக்கையும் இங்கே கிடைத்த எண்களை வைத்தே போடலாம். 2003-இல் ஜியார்ஜியோ கானிஸ் குழு ஒத்திகைப் பொய்யையும் திடீர்ப் பொய்யையும் ஒப்பிட்டது 10 பேரை வைத்து. இன்று அந்த எண்ணிக்கையோடு போனால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

படி 7: ஸ்கேன் நாள்

உலோகம் இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் ஊரில் செய்வதாக இருந்தால் பட்டியல் கொஞ்சம் நீளும்: தாலி, மெட்டி, மூக்குத்தி, அரைஞாண், தாயத்து. தாயத்துக்குள் செப்புத் தகடு இருக்கும் என்பது கட்டியிருப்பவருக்கே பல நேரம் நினைவிருக்காது. தாலியைக் கழற்றச் சங்கடப்படுவோர் உண்டு, அதனால் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போனில் சொல்லிவிடுங்கள். வந்த இடத்தில் வற்புறுத்துவது சரியில்லை.

3 டெஸ்லா கருவியில், இரண்டு நொடிக்கு ஒரு முறை முழு மூளையும் பதிவாகும்படி அமைப்பது பரவலான வழக்கம். ஒரு தொடருக்கு 8 முதல் 10 நிமிடம் வைத்து, நடுவில் பேசி இளைப்பாற விடுங்கள். சுற்றுகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரே மாதிரி இருக்கக் கூடாது. மாறி மாறி வந்தால்தான் மெதுவான ரத்த சிக்னல்களைப் பிரித்தெடுக்க முடியும். தலையைச் சுற்றிப் பஞ்சு வையுங்கள். வாயால் பதில் சொன்னால் தலை அசையும், எனவே பட்டன்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழாய்க்குள் படுத்தவருக்கு, "என் மூளையைத்தான் படிக்கிறார்களே, பொய் சொன்னால் தெரிந்துவிடாதா?" என்று தோன்றும். தோன்றினால் அவர் பொய் சொல்ல மாட்டார். தனி எண்ணங்களைக் கருவி படிக்காது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள், அதுதான் உண்மையும்கூட.

படி 8: பகுப்பாய்வு

இதற்கான வழிகாட்டிகள் ஏராளம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தரவை பிட்ஸ் என்ற பொது வடிவத்தில் அடுக்குங்கள், எஃப்எம்ஆர்ஐபிரெப் என்ற மென்பொருள் வழியாகத் தலை அசைவைத் திருத்தி எல்லா மூளைகளையும் பொது வரைபடத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு எஸ்பிஎம், எஃப்எஸ்எல், ஆஃப்னி ஆகிய பகுப்பாய்வு மென்பொருள்களில் எதில் வேண்டுமானாலும் புள்ளியியல் மாதிரியைப் பொருத்துங்கள். எந்த ஒப்பீடு, எந்தப் பகுதி, யாரை நீக்குவீர்கள் என்பதை ஸ்கேன் தொடங்கும் முன்பே பொதுவெளியில் பதிவு செய்துவிடுங்கள்.

பன்மை ஒப்பீட்டுத் திருத்தத்தை மட்டும் ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். மூளைப் படத்தில் பல்லாயிரக்கணக்கான வாக்செல்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சோதித்தால் தற்செயலாகவே சில ஒளிரும். 2009-இல் கிரெய்க் பென்னட் குழு, செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, திருத்தம் செய்யாமல் கணக்குப் போட்டுக் காட்டியது. மீனின் மூளையிலும் "செயல்பாடு" வந்தது. திருத்தினால் மறைந்தது. 2016-இல் ஆண்டர்ஸ் எக்லண்ட் குழு, புழக்கத்தில் இருந்த கிளஸ்டர் முறைகள் (பக்கத்துப் பக்கத்தில் ஒளிரும் வாக்செல்களை ஒரு கூட்டமாகச் சோதிப்பவை) தளர்வான வரம்பில் இல்லாததை இருப்பதாகக் காட்டும் அபாயம் எவ்வளவு பெரியது என்று நிரூபித்தது. தொடக்க வரம்பை 0.001 அளவுக்குக் கடுமையாக வையுங்கள், முடிந்தால் தரவைக் கலைத்துப் போட்டுச் சோதிக்கும் முறையைப் பயன்படுத்துங்கள்.

படி 9: முடிவை அளவோடு சொல்லுங்கள்

முன்மூளைப் புறணி ஒளிர்ந்தது, எனவே அவர் ஏமாற்றத் திட்டமிட்டார் என்று எழுதக் கை பரபரக்கும். 2006-இல் ரஸ்ஸல் போல்ட்ராக் எச்சரித்த தலைகீழ் ஊகம் இதுதான். அந்தப் பகுதி நினைவில் எண்களை வைத்திருக்கும்போதும், பழக்கத்தை அடக்கும்போதும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதும் வேலை செய்கிறது. 2009-இல் ஷான் கிறைஸ்ட் குழு பல பொய் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பொய்யில் ஒளிரும் பகுதிகளில் பெரும்பங்கு இந்தப் பொதுவான வேலைகளின் பகுதிகளோடு ஒத்துப்போனது. பொய்க்கென்று தனி இடம் எதுவும் மூளையில் கண்டுபிடிக்கப்படவில்லை. நீங்கள் சொல்லக்கூடியது, "இந்தச் சூழலில் ஏமாற்றிய சுற்றுகளில் இந்தப் பகுதி சராசரியாக இவ்வளவு கூடுதலாக வேலை செய்தது" என்பது வரைதான்.

படி 10: உங்கள் ஆய்வை விசாரணைக் கருவியாக்க விடாதீர்கள்

இனி முதல் கேள்விக்கு வருவோம்: இந்த ஆள் இப்போது பொய் சொல்கிறாரா? கோசல் குழு 2005-இல் 31 பேரைச் சோதித்து 90 சதவீதம் சரியாகச் சொன்னது. இத்தகைய ஆய்வுகளை நம்பி அமெரிக்காவில் செஃபோஸ், நோ லை எம்ஆர்ஐ என்ற நிறுவனங்கள் கிளம்பின. ஆனால் அதே கோசல் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், போலிக் குற்றம் செய்த 9 பேரையும் முறை பிடித்துவிட்டது. ஒன்றும் செய்யாத 15 பேரில் 5 பேரை மட்டுமே உண்மை சொல்பவர் என்றது. மீதிப் பத்துப் பேர் நிரபராதிகள். 2011-இல் கானிஸ் குழு, தன் பிறந்த தேதியை மறைப்பவர்களைச் சோதித்தது. முதலில் 100 சதவீதம் பிடிபட்டார்கள். சம்பந்தமில்லாத சில தேதிகள் வரும்போது கண்ணுக்குத் தெரியாமல் விரலை அசைக்கக் கற்றுக்கொடுத்ததும் அது 33 ஆகச் சரிந்தது.

2010-இல் டென்னசி நீதிமன்றத்தில் மருத்துவக் காப்பீட்டு மோசடி வழக்கில் செஃபோஸ் ஸ்கேன் சாட்சியாக முன்வைக்கப்பட்டது. ஒரு ஸ்கேன் குற்றம் சாட்டப்பட்டவர் உண்மை சொல்கிறார் என்றது, இன்னொன்று பொய் என்றது, பிறகு மூன்றாவதாக ஒன்று எடுத்து உண்மை என்றார்கள். அவருக்கு வயது 63. முறையை உருவாக்கிய ஆய்வுகளில் இருந்தவர்கள் 18 முதல் 50 வரை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

இந்தியாவில் நிலைமை நமக்கு இன்னும் நெருக்கமானது. இங்கே காவல்துறை பயன்படுத்தியது ஸ்கேன் இல்லை, தலையில் மின்முனை ஒட்டி மின்னலைகளைப் பதிவு செய்யும் "பிரெய்ன் மேப்பிங்". 2008-இல் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் அத்தகைய சோதனை முடிவையும் ஏற்றுத் தண்டனை விதித்தது. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதமின்றி நார்கோ, பாலிகிராஃப், பிரெய்ன் மேப்பிங் சோதனைகளுக்கு யாரையும் உட்படுத்துவது அரசியலமைப்பின் 20(3), 21-ஆம் பிரிவுகளுக்கு எதிரானது என்றது. சம்மதித்துச் செய்தாலும் சோதனை முடிவே சாட்சியம் ஆகாது என்றும் சொன்னது. நம் ஆய்வகங்களில் இந்தத் தலைப்பைத் தொடுபவர் அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும்.

எனவே ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: தனிநபர் ஒருவர் பொய் சொல்பவரா என்று தீர்மானிக்க இந்தத் தரவு பயன்படாது, எந்த விசாரணை அமைப்புக்கும் நாங்களாகக் கொடுக்க மாட்டோம். பத்திரிகையாளர் கேட்டால், "பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி" என்ற தலைப்பு வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். ஓபன்நியூரோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் தரவைப் பகிரும்போது சோதனை நிரலையும், நீக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், ஒரு பொய்யும் சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்ற விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள். உடற்கூற்றுப் படத்திலிருந்து முகத்தையே மறுபடி உருவாக்க முடியும் என்பதால், முகப் பகுதியை நீக்கிய பிறகே பதிவேற்றுங்கள்.